டெல்பர்ட் ஸ்டக்கியின் பன்னிரண்டாவது துப்பாக்கி

“உயிரோட இருக்கிற வரைக்கும் இன்னொரு துப்பாக்கி வாங்கமாட்டேன்” என்று டெல்பர்ட் ஸ்டக்கி சபதம் எடுத்தபோது அவன் கையில் ஒரு முள்கரண்டி இருந்தது. அந்த முள்கரண்டியில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. சபதத்துக்குக் காரணமே அந்த வாசம்தான்.

நடந்தது இதுதான். பெரிய யுத்தம் முடிந்ததும் ரஷ்யாக்காரன் தன் துப்பாக்கிகளை எல்லாம் கெட்டிக் கிரீஸில் முக்கியெடுத்து, பெட்டியில் அடைத்து, அப்படியே மறந்துபோனான். ஐம்பது வருஷம் கழித்து ஞாபகம் வந்து அமெரிக்காவுக்கு விற்றான். வாங்குவதற்கு ஓஹையோவில், ஹாரோ கிரீக் ஊரில், டெல்பர்ட் தயாராக இருந்தான். பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பதற்கென்று அரசாங்கம் கொடுக்கிற லைசென்ஸ் அவனிடம் இருந்தது. அது இருந்தால் கடைக்குப் போக வேண்டாம், துப்பாக்கியே வீடு தேடி வரும். வந்தது. கிரீஸும் கூடவே வந்தது.

அந்தக் கிரீஸ் லேசில் போகிற ஜாதி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் துப்பாக்கியைக் கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் வைப்பார்கள். பிப்ரவரி மாதம் ஓஹையோவில் வெயிலுக்கு எங்கே போவது? டெல்பர்ட் நாலாபக்கமும் பார்த்தான். மனைவி மாக்சீன் தையல் சங்கத்துக்குப் போயிருந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் மெஷின் வேலைவெட்டி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றினான். காபிக் கோப்பைகளுக்கு நடுவில் அடுக்கினான். பொத்தானை அமுக்கினான்.

துப்பாக்கி பளபளவென்று வந்தது. கிரீஸ் எங்கே போயிற்று என்று அவன் யோசிக்கவில்லை.

அன்று மாலை பாஸ்டர் சாப்பிட வந்தார். மாக்சீன் ஆறு மணி நேரம் வேகவைத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறினாள். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மறுபடி கண்ணை மூடினார். இரண்டாவது ஜெபம் ரொம்ப நேரம் நடந்தது.

“மாக்சீன், இதுல... என்ன போட்டிருக்கம்மா?”

“உப்பும் மிளகும்தான் பாஸ்டர்.”

“அவ்வளவுதானா? எனக்கென்னவோ லாரி ஷெட்டுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கு.”

மாக்சீன் தட்டை முகர்ந்தாள். கோப்பையை முகர்ந்தாள். கடைசியில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதை முகரவே வேண்டியிருக்கவில்லை.

பாஸ்டர் போன பிறகு சபதம் நடந்தது. வாய்வார்த்தை போதாதென்று மாக்சீன் ஒரு தாளை எடுத்துவந்து வைத்தாள்.

“எழுது.”

“என்னம்மா எழுதணும்?”

“இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு துப்பாக்கி வந்தாலும், கீழறை மாக்சீனுக்கு. முழுசா. சுவரோட.”

டெல்பர்ட்டுக்கு முள்கரண்டி கைநழுவியது. கீழறை என்பது அவனுடைய ராஜ்யம். டயர் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் உழைத்து ஓய்வுபெற்றவனுக்கு அந்த வீட்டில் மிஞ்சியது தரைக்குக் கீழே இருந்த அந்த ஒரு அறைதான். நைந்த சாய்வு நாற்காலி ஒன்று. பேஸ்பால் கேட்க ஒரு ரேடியோ. சுவரில் வரிசையாகப் பதினோரு துப்பாக்கி. ஒரு மூலையில் துணி துவைக்கும் மெஷின் இருந்தது. அது மாக்சீனுடைய தூதரகம். சனிக்கிழமை காலையில் துணிக்கூடையோடு இறங்கி வருவாள். மேலே ஏறும்போது சுவரைப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் போவாள்.

அவளுக்கும் அந்த அறைமேல் ரொம்ப நாளாகக் கண். ஒட்டுப்போர்வை தைக்கிற பெரிய மெஷின் ஒன்று. பன்னிரண்டு அடி நீளம். தையல் சங்கத்தில் ஒருத்தி மகளோடு ஃபுளோரிடாவுக்குக் குடிபோகிறாள், தருகிறேன் என்கிறாள். வைக்கத்தான் இடமில்லை.

“எழுதறேன்” என்றான் டெல்பர்ட். “எனக்கென்ன பயம்? பதினொண்ணு போதும்.”

கையெழுத்துப் போட்டான். தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது, வாத்து பொம்மைக் காந்தத்துக்குக் கீழே.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தான். அதற்குள் ஸ்விட்சர்லாந்து குறுக்கே வந்தது.

அந்த வருஷம் ஸ்விட்சர்லாந்துக்காரன் தன் பட்டாளத்துப் பழைய துப்பாக்கிகளைக் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்தான். ரஷ்யாக்காரன் மாதிரி கிரீஸில் முக்கி அனுப்புகிறவன் இல்லை. கடிகாரம் செய்கிற கை. துடைத்து, எண்ணெய் போட்டு அனுப்பினான். தோட்டா ஏற்றத் தாழ்ப்பாளைத் திருக வேண்டாம், நேராக இழுத்தாலே வெண்ணெய் மாதிரி வரும். ஆனால் ஹாரோ கிரீக் துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்துக்குப் பைத்தியம் பிடித்தது அதனால் இல்லை. ஒரு காகிதத்தால்.

ஸ்விட்சர்லாந்துச் சிப்பாய் தன் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பான். யாருடையது என்று தெரிய, மரக்கட்டையின் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒரு சீட்டை வைத்துவிடுவான். பேர், பிறந்த வருஷம், எந்தப் படை, எந்தத் தெரு, எல்லாம் அதில் இருக்கும். இரண்டே திருகாணி. கழற்றினால் உள்ளே ஒரு மனுஷன்.

சங்கம் இதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டது. யாரும் வீட்டில் தனியாகத் தகட்டைத் திறக்கக் கூடாது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்து ஹாலில், எல்லோர் முன்னாலும்தான் திறக்க வேண்டும். தலைவர் எமெரி கையில் திருப்புளியோடு நிற்பார். சீட்டைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்ததும் கைதட்டல். அப்புறம் காபி, ஆப்பிள் பை. ஞானஸ்நானம்கூட அந்த ஊரில் அவ்வளவு விமரிசையாக நடப்பதில்லை.

டெல்பர்ட்டின் சிநேகிதன் லாயிட்டுக்கு வந்த துப்பாக்கியில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் பேர் இருந்தது. லாயிட் அந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டான். எண்பத்தொரு வயசுக் கிழவர் உயிரோடு இருந்து, போட்டோவோடு பதில் எழுதினார். லாயிட் அந்தப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினான். முடி வெட்டுகிற கடையில் மட்டும் மூன்று தரம் காட்டினான்.

டெல்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? லாயிட்டின் முன்னோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். டெல்பர்ட்டின் கொள்ளுத்தாத்தா ஸ்விட்சர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஸ்டக்கி என்பதே அந்த ஊர்ப் பேர். நியாயப்படி அந்தத் துப்பாக்கிகள் எல்லாம் அவனுக்குச் சித்தப்பா பெரியப்பா முறை.

தினமும் காலையில் முட்டை சாப்பிடும்போது மாக்சீனிடம் இதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடிந்ததில்லை.

“வாங்கப் போறேன்னு சொல்லலைம்மா. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அடியில ரெண்டே திருகாணி. கழட்டினா உள்ள சீட்டு. அதுல ‘ஸ்டக்கி’ன்னு இருந்தா எப்படி இருக்கும்?”

“ம்.”

“என் சொந்தக்காரனே தோள்ல தூக்கிட்டு நடந்த துப்பாக்கி!”

“ம். ரொட்டியைத் தின்னு. ஆறிப்போகுது.”

மாக்சீன் காதில் எதுவும் ஏறுவதில்லை என்பது டெல்பர்ட்டின் முப்பத்தெட்டு வருஷ அனுபவம். அந்த அனுபவத்தின்மேல் அவனுக்கு அபார நம்பிக்கை.

லாயிட்தான் வழி சொன்னான். விவாகரத்து ஆனவன். கல்யாண வாழ்க்கைக்கு ஊரில் எல்லாருக்கும் ஆலோசனை சொல்வான்.

“டேய் டெல், உன் பொண்டாட்டி சுவரைப் பார்த்து என்ன பண்ணுவா?”

“எண்ணுவா.”

“எது ரஷ்யாவுது, எது ஜெர்மனிதுன்னு தெரியுமா?”

“எல்லாமே அவளுக்கு ‘அந்தக் கட்டைங்க’தான்.”

“அப்புறம் என்னடா யோசனை? ஒண்ணு வெளிய, ஒண்ணு உள்ள. அந்த ரஷ்யாக் கட்டையை என் ஷெட்டுல கொண்டாந்து வை. ஸ்விஸ் வந்ததும் அதே ஆணியில மாட்டு. எண்ணினா பதினொண்ணு. அப்பவும் பதினொண்ணு, இப்பவும் பதினொண்ணு.”

“தாள்ல ‘ஒரு துப்பாக்கி வந்தாலும்’னு எழுதியிருக்கேனேடா.”

“வந்தது அவளுக்குத் தெரிஞ்சாத்தானே வந்த மாதிரி?”

டெல்பர்ட் லாயிட்டை ஆச்சரியத்தோடு பார்த்தான். இவ்வளவு மூளை உள்ளவனை ஒருத்தி எப்படி விட்டுவிட்டுப் போனாள்?

துப்பாக்கிக்கு எழுதிப்போட்டாயிற்று. பார்சல் செவ்வாய்க்கிழமை வரும் என்று தகவல் வந்தது. செவ்வாய் என்றால் மாக்சீனுக்குத் தையல் சங்கம். பத்து மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவாள். கடவுளே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ரஷ்யாத் துப்பாக்கியைத் தூண்டில் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

“எங்க கிளம்பிட்ட?”

“மீன் பிடிக்க.”

“ஏரி இன்னும் உறைஞ்சு கிடக்கே?”

“உறைஞ்சிருந்தா என்ன? மீனும் அங்கேயேதானே இருக்கும்? எங்கயும் ஓடாது.”

“சரி கண்ணு. பார்த்துப் போயிட்டு வா.”

‘கண்ணு’ என்ற வார்த்தையை மாக்சீன் அனாவசியமாகச் செலவழிக்கிறவள் இல்லை. டெல்பர்ட் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. துப்பாக்கிப் பையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, பெரிய மீனைப் பிடித்து வருகிறவன் மாதிரி, மீன் பிடிக்கப் போனான்.

லாயிட் வீட்டில் மதியம்வரை இருந்தான். திரும்பி வரும்போது வீடெல்லாம் பீச் பழத்தை மாவோடு சுட்ட வாசம். அவனுக்குப் பிடித்த பலகாரம். பிறந்தநாளுக்கு மட்டும் வருவது.

“என்னம்மா விசேஷம்?”

“ஒண்ணுமில்ல. மீன் கிடைச்சுதா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“பாவம்” என்று சொல்லி அவன் தட்டில் இரண்டு கரண்டி வைத்தாள். மேலே ஐஸ்கிரீமும் வைத்தாள். டெல்பர்ட்டுக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று. மூன்றாவது கரண்டி சாப்பிட்டதும் உறுத்தல் அடங்கியது.

செவ்வாய் பத்தேகாலுக்குப் பார்சல் வண்டி வந்தது. ஓட்டி வருகிறவள் டார்லா. தோள் அகலம், சிரிப்பு அதைவிட அகலம்.

“டெல், பெரிய ஆள் கையெழுத்து வேணும். நீ வீட்ல பெரிய ஆள்தானே?”

“என்ன கேள்வி இது?”

“கேட்டு வெச்சுக்கணும் பாரு. இங்க போடு.”

அட்டையில் செருகியிருந்த தாளில் டெல்பர்ட் அவசரமாகக் கையெழுத்துப் போட்டான். டார்லா எதற்கோ இருமினாள். இருமிக்கொண்டே வண்டியில் ஏறிப் போனாள்.

பெட்டியைக் கீழறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். பிரித்தான். அடேயப்பா! நிறம் என்ன, நேர்த்தி என்ன! கட்டையின் கீழ்ப்பாகம் மட்டும் அங்கங்கே அடிபட்டிருந்தது. பனியில் நின்ற எந்த ஸ்டக்கியோ பூட்ஸில் ஒட்டிய பனியை உதிர்க்கத் தட்டியிருப்பான். அடியில் இரும்புத் தகடு. இரண்டு திருகாணி. டெல்பர்ட்டின் விரல் தானாக அங்கே போயிற்று. திருப்புளி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் சங்கத்துக் கட்டுப்பாட்டை மீறுகிற துணிச்சல் அவனுக்கு வரவில்லை. தகட்டில் காதை வைத்துப் பார்த்தான். துப்பாக்கியை லேசாக ஆட்டினான். ஏதோ காகிதம் சரசரத்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது.

சுவரில் மாட்டினான். எண்ணினான். பதினொன்று.

சனிக்கிழமை மாக்சீன் துணிக்கூடையோடு இறங்கி வந்தாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான் டெல்பர்ட். அவள் சுவரைப் பார்த்தாள். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“பதினொண்ணு.”

“பின்னே? சொல்லைக் காப்பாத்தற ஆளு நான்.”

“தெரியும் கண்ணு.”

“இன்னைக்கு சங்கத்துக்கு அந்த ரஷ்யாக் கட்டையை எடுத்துட்டுப் போறேன். காட்டச் சொல்லி எமெரி கேட்டார்.”

“அந்தப் பழசையா? எத்தனை தரம்தான் காட்டுவ? சரி, போயிட்டு வா. சாயந்திரம் சீக்கிரம் வந்துடு. நாளைக்கு வேலை இருக்கு.”

“என்ன வேலை?”

“நாளைக்கு வேலைன்னா நாளைக்குத்தான் தெரியும்.”

ஹால் நிரம்பியிருந்தது. தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்தி நாற்காலி போட்டிருந்தார்கள். டெல்பர்ட்டின் முறை வந்தது. மேசைமேல் துப்பாக்கியைக் கிடத்திவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

“நண்பர்களே! ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தொண்ணுல என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறும்போது...”

“கப்பலை அப்புறம் ஓட்டலாம்டா, தகட்டைத் திற!” என்றான் லாயிட்.

எமெரி திருப்புளியை நீட்டினார். முதல் திருகாணி எதிர்பார்த்ததைவிட லகுவாகக் கழன்றது. சமீபத்தில்தான் யாரோ முடுக்கிய மாதிரி. ஸ்விஸ் வேலைப்பாடு அப்படி என்று டெல்பர்ட் எல்லோருக்கும் விளக்கினான். இரண்டாவதும் கழன்றது. தகட்டைத் தூக்கினான். உள்ளே மடித்த சீட்டு!

ஹால் முழுக்க “ஓ!” என்றது.

டெல்பர்ட் பிரித்தான். படித்தான். மறுபடி படித்தான். காது இரண்டும் தீயணைப்பு வண்டி நிறத்துக்கு மாறின.

“என்னடா? ஸ்டக்கியா?” என்று கத்தினான் லாயிட்.

டெல்பர்ட் மெல்லத் தலையை ஆட்டினான். ஸ்டக்கிதான்.

ஹாலில் விசில் பறந்தது. ஆனால் ஆள் வாயே திறக்கக் காணோம். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்று எமெரி சீட்டைப் பிடுங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் படித்தார்.

“பேர்: மாக்சீன் ஸ்டக்கி. படை: செவ்வாய்க்கிழமை தையல் சங்கம். விலாசம்: நீ குடியிருக்கிற அதே வீடு. டெல், பார்சல் திங்கட்கிழமையே வந்துவிட்டது. நீ மீன் பிடித்துக்கொண்டிருந்ததால் நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ரெண்டே திருகாணி என்று நீ தினமும் சொன்னது உதவியாக இருந்தது. தகட்டுக்கு உள்ளே இருந்ததைப் பார்த்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. அதைப் பத்திரமாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியை மறுபடி ஒட்டி, மறுநாள் கொண்டுவரச் சொல்லி டார்லாவிடமே கொடுத்தேன். கீழறை காலியானதும் உன் கையில் கொடுக்கிறேன். பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை நீ டார்லாவிடம் கையெழுத்துப் போட்டது எங்கள் சங்கத்து விருந்துப் பட்டியலில். ஆறு ஆப்பிள் பை உன் பொறுப்பு.”

அந்த ஹால் அதற்கு முன்னால் அப்படிச் சிரித்ததில்லை. எமெரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாயிட் நாற்காலியோடு பின்னால் விழுந்தான். தூக்கிவிடவும் ஆளில்லை.

டெல்பர்ட் யாரையும் பார்க்கவில்லை. அவன் காதில் ஒரே ஒரு வரிதான் ஒலித்தது. ‘என் கண்ணையே நம்ப முடியவில்லை.’ அப்படியென்றால்?

வீட்டுக்கு அவன் காரை ஓட்டிய வேகத்தில் கோழி இரண்டு வேலி தாண்டிப் பறந்தன. மாக்சீன் சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மாக்சீன்!”

“வந்துட்டியா? காபி போடவா?”

“அந்தக் கவர் எங்க?”

“பத்திரமா இருக்கு.”

“நான் பண்ணது தப்புதான். ஒத்துக்கறேன். கால்ல வேணா விழறேன். அந்தப் பேரை மட்டும் சொல்லு.”

“கீழறை காலியாகட்டும்.”

“ஸ்டக்கியா?”

மாக்சீன் கத்தியை நிறுத்தி, விட்டத்தைப் பார்த்து யோசித்தாள். “எப்படிச் சொல்றது? ஸ்டக்கி இல்லேன்னு காட்டற மாதிரி அதுல ஒரு எழுத்துகூட இல்ல.”

டெல்பர்ட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். “எந்த ஊரு?”

“அதையும் நான் சொல்லிட்டா நீ பார்க்கும்போது ருசி இருக்காது.”

“லாயிட்டோட ரொட்டிக்காரரை விடப் பெரிய ஆளா?”

“ரொட்டிக்கடைக்காரர்னு மட்டும் அதுல போடலை. அது சத்தியம்.”

போதும். ரொட்டிக்காரர் இல்லை. அப்படியானால் அதிகாரியாக இருக்கலாம். தளபதியாகவே இருக்கலாம். தளபதி ஸ்டக்கி! டெல்பர்ட்டின் கண்முன்னால் ஆல்ப்ஸ் மலை எழும்பி நின்றது. அதன் உச்சியில் தன் மூக்கோடும் தன் தொப்பையோடும் ஒருத்தர் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். கடிதம் போட்டால் குடும்பமே பதில் எழுதும். போட்டோ அனுப்புவார்கள். லாயிட் முடி வெட்டுகிற கடைப்பக்கமே தலைகாட்ட மாட்டான்.

“துப்பாக்கிங்களை எங்க வைக்கிறது?” என்று கேட்டான். கேட்டபோதே கீழறை போய்விட்டது.

“கராஜ்ல, புல் வெட்டற மெஷினுக்குப் பக்கத்துல இரும்பு அலமாரி இருக்கு. பூட்டும் இருக்கு. செவ்வாய்க்கிழமையே துடைச்சு வெச்சுட்டேன்.”

“என் நாற்காலி?”

“அதுவும் அங்கேயே. ரேடியோவை ஆணியில மாட்டிக்கோ. ஏப்ரல் முடிஞ்சா குளிர் அவ்வளவா தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் சங்கத்து ஆட்கள் ஆறு பேர் வந்து நின்றார்கள். எமெரியும் லாயிட்டும் முன்னால். தையல் மெஷின் தூக்க வரச்சொல்லி மாக்சீன் செவ்வாய்க்கிழமையே அத்தனை பேரிடமும் சொல்லிவைத்திருந்தாள் என்பது அப்போதுதான் டெல்பர்ட்டுக்குத் தெரிந்தது. டார்லா தன் சொந்த வண்டியில் மெஷினைக் கொண்டுவந்தாள். இருமல் சுத்தமாகக் குணமாகியிருந்தது.

துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. மெஷின் துண்டு துண்டாகக் கீழே இறங்கியது. யுத்தத்தில் தோற்ற நாட்டில் கைதி மாற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது படிக்கட்டு. டெல்பர்ட்தான் எல்லோரையும் விட வேகமாகத் தூக்கினான்.

“மெதுவாடா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது” என்றான் லாயிட்.

“சீக்கிரம் தூக்கு. எனக்குக் கவர் வேணும்.”

“தளபதியாவே இருந்தாலும் என் ஆளு மாதிரி ரொட்டி சுடத் தெரியுமாடா அவனுக்கு?”

“பொறாமைப்படாதே லாயிட். ரத்தம்னு ஒண்ணு இருக்கு.”

கடைசி ஆணியைச் சுவரிலிருந்து டெல்பர்ட்டே பிடுங்கினான். அந்த இடத்தில் மாக்சீன் நூல்கண்டுப் பலகையை மாட்டினாள். எல்லோருக்கும் ரொட்டியும் இறைச்சியும் காபியும் கொடுத்தாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்தாள். நன்றாக ஒட்டியிருந்தது. மேலே தேதிகூடப் போட்டிருந்தாள்.

“இந்தா கண்ணு. சொன்ன சொல் தவறமாட்டேன்.”

ஆறு பேரும் சுற்றி நின்றார்கள். எமெரி பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டெல்பர்ட் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஓரம் கிழியாமல் பிரித்து, இரண்டு விரலை உள்ளே விட்டான். துழாவினான். கவரை விரித்து உள்ளே பார்த்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான். கொஞ்சம் மரத்தூள் உள்ளங்கையில் விழுந்தது.

“மாக்சீன்... இதுல ஒண்ணுமே இல்லையே?”

“ஆமா கண்ணு. தகட்டுக்குள்ள இருந்ததுல ஒரு துளி குறையாம அப்படியே கொடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, மாக்சீன் தன் அறைக்கு இறங்கிப் போனாள்.